காபன் நனோக்குழாய் சேர்த்த இலிதியம் அயன் மின்வாய்: கொழும்பு ஆய்வுகூடத்துக்கான முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி ஒரேயொரு வேலைக்கானது. இலிதியம் இரும்பு பொசுபேற்று (எல்எஃப்பி) கதோட்டில், அதாவது மின்கலத்தின் நேர்மின்வாயில், மின் கடத்துவதற்காக 0.5% காபன் நனோக்குழாயை (காபனால் ஆன மிக நுண்ணிய குழாய்களை) சேர்த்து, அதை நாணய வடிவச் சிறு மின்கலமான கொயின் செல்லாகக் கட்டி, சேர்த்ததால் பயன் கிடைத்ததா என்று அளந்து பார்ப்பது. கிளவ் பொக்ஸ் (கையுறை பொருத்திய, காற்றுப் புகாத பெட்டி), வக்கியூம் ஒவன், புரோப் சொனிக்கேட்டர் (மீயொலியால் கட்டிகளை உடைக்கும் கோல்), செல் சோதிக்கும் கருவி ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டிருக்கிறது.

புதியவர்கள் செய்யும் தவறுகளுக்கெல்லாம் தாய்த்தவறு ஒன்று உண்டு: நனோக்குழாய்த் தூளை நேரே ஸ்லறிக்குள் (தாளில் பூசும் குழம்புக்குள்) கொட்டிக் கலக்குவது. தூளாக வரும்போது குழாய்கள் சிக்கிய நூற்கண்டுபோல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எல்எஃப்பி துகள்களும் அவற்றை ஒட்டவைக்கும் பைண்டரும் வந்து சேர்ந்த பிறகு அந்தச் சிக்கை அவிழ்க்க எந்தக் கலக்கியாலும் முடியாது. அவிழாத நனோக்குழாய் விலை கூடிய கரித்தூள்தான். ஆகவே குழாய் முதலில் தனியாகப் பிரிய வேண்டும், மற்றவை அதற்குப் பிறகு.

1. வாங்குவதற்கு முன்: தூளா, பேஸ்டா?

முதல் முறை செய்பவர் தூள் வாங்க வேண்டாம். என்.எம்.பி. (என்-மெதயில்-2-பிரோலிடோன்) கரைப்பானில் ஏற்கெனவே பிரித்து, குழாய்கள் மறுபடி ஒட்டாமல் காக்கும் பிரிபொருளும் சேர்த்து விற்கப்படும் பேஸ்டை வாங்குங்கள். கிராமுக்கு விலை கூடத்தான். ஆனால் 10 கிராம் திண்மத்துக்கு 0.05 கிராம் குழாய்தான் தேவை. அந்த மிச்சத்துக்காக இரண்டு மாதம் சொனிக்கேட்டரோடு மல்லுக்கட்டுவது கட்டுப்படியாகாது.

விற்பவரிடம் நான்கு விடயங்களைக் கேளுங்கள்: ஒற்றைச் சுவரா பல சுவரா, குழாய் எத்தனை வீதம், பிரிபொருள் எது, எத்தனை வீதம், மிஞ்சியிருக்கும் உலோகம் எவ்வளவு. கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இரும்பு, கோபால்ற்று, நிக்கல் போன்ற ஊக்கிகளின் மேல்தான் குழாய் வளர்க்கப்படுகிறது. கழுவிப் போகாத இரும்பு கதோட்டின் உயர்ந்த வோல்ற்றளவில் கரைந்து, அனோட்டில் (எதிர்மின்வாயில்) போய்ப் படிந்து, செல்லுக்குள் நுண்ணிய குறுஞ்சுற்றை உண்டாக்கும். கலப்புப் பொருள், பெயின்ற் வேலைகளுக்கென்று விற்கப்படும் மலிவான குழாயை மின்கலத்துக்கு எடுக்கக் கூடாதென்பது இதனால்தான்.

பல சுவர்க் குழாய்களில் பெரும்பாலானவை 10 முதல் 20 நனோமீற்றர் விட்டம் கொண்டவை. ஒற்றைச் சுவர்க் குழாய் 1 முதல் 2 நனோமீற்றர்தான். மெல்லியதும் நீளமானதுமான குழாய் குறைந்த அளவிலேயே தொடர்ச்சியான மின்பாதையை அமைத்துவிடும், ஆனால் பிரிப்பது கடினம். கதோட்டில் பழகுவதற்குப் பல சுவர்க் குழாய் போதும்.

இலிதியம் உலோகமும் எலக்றோலைற்றும் (செல்லுக்குள் விடும் மின்பகு திரவமும்) விமானச் சரக்கில் அபாயகரப் பொருட்கள். கொழும்புக்கு வந்து சேர்வதற்கு முன் எல்லாக் கட்டத்திலும் கடதாசி வேலை இருக்கும். இவற்றுக்கு முதலில் ஓடர் கொடுத்துவிட்டு, அவை வரும்வரை மின்வாய் பூசிப் பழகுங்கள். அவை வந்த பிறகு பழகலாம் என்று விட்டால் எலக்றோலைற் போத்தல் வந்து காத்திருக்கும், பூச்சு சரிவராது.

2. அறை: விசிறி, ஈரம், மின்வெட்டு

தூள்தான் எடுப்பேன் என்பவர் முதலில் கூரை விசிறியை நிறுத்த வேண்டும். ஏசியின் காற்றும் தராசுப் பக்கம் அடிக்கக் கூடாது. நனோக்குழாய்த் தூள் கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும். நீளமான, விறைப்பான இழைகள் நுரையீரலில் அஸ்பெஸ்ரொஸ் போல நடந்துகொள்ளக்கூடும் என்ற அச்சம் காரணமில்லாமல் எழவில்லை. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 2013 இல் பரிந்துரைத்த வரம்பு ஒரு கன மீற்றர் காற்றில் 1 மைக்குரோகிராம். மூடிய புகைக்கூண்டில், சரியாகப் பொருந்தும் முகமூடியோடு நிறுங்கள். மேசையை உலர்ந்த துணியால் தட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பொதியில் கட்டிப் பெயர் எழுதுங்கள்.

என்.எம்.பி.யும் சாதாரணக் கரைப்பான் அல்ல. இனப்பெருக்கத்துக்குக் கேடு விளைவிப்பது, தோலினூடாக உள்ளே போவது. நீல நிற நைற்றைல் கையுறையை விரைவிலேயே ஊடுருவிவிடும். பியூற்றைல் இறப்பர் கையுறை எடுங்கள். அதன் கழிவைக் கழுவுதொட்டிக்குள் ஊற்றக் கூடாது.

அடுத்தது ஈரம். கொழும்பில் வெளியே 30 பாகை வெப்பம், 80% சாரீரப்பதன் என்றால் பனிபடுநிலை ஏறக்குறைய 26 பாகை. அதாவது ஏசி அறையில் 22 பாகைக்குக் குளிர்ந்த அலுமினியத் தாளையோ போத்தலையோ வெளிநடைக்குக் கொண்டுவந்த கணத்திலேயே அதன் மேல் நீர் படியும். என்.எம்.பி. அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும், பைண்டர் கூழாகும். ஸ்லறி தொடங்கியதிலிருந்து பூச்சு ஒவனுக்குள் போகும்வரை எல்லாவற்றையும் ஒரே அறையில் வைத்திருங்கள். ஈரமகற்றி போட்டு அந்த அறையை 45%க்குக் கீழே கொண்டுவாருங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த எதையும் அறை வெப்பநிலைக்கு வரும்வரை திறக்க வேண்டாம்.

மின்வெட்டுக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். இரவு முழுதும் ஓடும் வக்கியூம் பம்பு நின்றால், ஒவனுக்குள் இருக்கும் வெற்றிடம் பம்பின் எண்ணெயைக் குழாய் வழியே உள்ளே இழுத்துவிடும். காலையில் வந்து பார்த்தால் மின்வாய்களின் மேல் எண்ணெய்ப் படலம் மின்னும். அதைக் கழுவிக் காப்பாற்ற வழியில்லை. மின் போனதும் தானாக மூடும் வால்வு ஒன்றைப் பம்புக்கும் ஒவனுக்கும் இடையே பூட்டுங்கள். அது இல்லையென்றால், வெற்றிடத்தை எட்டியதும் ஒவன் வால்வைக் கையால் மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள். செல் சோதிக்கும் கருவிக்கும் அதன் கணினிக்கும் யூ.பி.எஸ். வேண்டும், இரண்டுக்கும்.

3. கணக்கு: 10 கிராம் திண்மத்துக்கு

எல்எஃப்பி 94.0%, கரிக்கறுப்பு (மின்கடத்தும் நுண்ணிய கரித்தூள்) 1.0%, நனோக்குழாய் 0.5%, பிரிபொருள் (பி.வி.பி. கே-30) 0.1%, பைண்டர் (பி.வி.டி.எஃப்.) 4.4%. நிறையில் முறையே 9.40, 0.10, 0.05, 0.01, 0.44 கிராம்.

நனோக்குழாய் இருக்கும்போது கரிக்கறுப்பு எதற்கு? குழாய் நெடுந்தூரப் பாதை, பெருந்தெரு மாதிரி. கரிக்கறுப்பின் சிறு உருண்டைகள் ஒவ்வொரு துகளையும் அந்தத் தெருவோடு இணைக்கும் ஒழுங்கைகள். இரண்டில் ஒன்றை மட்டும் போட்டால் மற்றதன் குறை தெரியும்.

ஒப்பிடுவதற்கு இரண்டு மின்வாய்கள் கட்டாயம். ஒன்று, இதே கலவையில் நனோக்குழாய்க்கும் பிரிபொருளுக்கும் பதிலாகக் கரிக்கறுப்பு 1.6% போட்டது. மற்றது, எல்எஃப்பி, கரிக்கறுப்பு, பைண்டர் ஆகியவை வழக்கமான 90 : 5 : 5 விகிதத்தில் உள்ளது. முதலாவது இல்லாமல் “நனோக்குழாயால் முன்னேற்றம்” என்று எழுத முடியாது. இரண்டாவது இல்லாமல் அந்த முன்னேற்றம் யாருக்கும் தேவைப்படுமா என்று சொல்ல முடியாது.

4. குழாயைப் பிரித்தல்

பேஸ்ட் வாங்கியவர், அதை என்.எம்.பி. விட்டு 1%க்கு ஐதாக்கி, அரை மணி நேரம் கலக்கிவிட்டு அடுத்த படிக்குப் போகலாம். பேஸ்டோடு வரும் பிரிபொருளின் அளவைக் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம்.

தூளிலிருந்து தொடங்குபவருக்கு 50 கிராம் கலவை: என்.எம்.பி. 49.4, பி.வி.பி. 0.10, நனோக்குழாய் 0.50 கிராம். முதலில் பி.வி.பி.யைத் தெளிவாகக் கரையுங்கள். பிறகே குழாயைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். சொனிக்கேட்டர் குழாய்க் கட்டு ஒன்றை உடைக்கும் அந்தக் கணத்தில் பக்கத்தில் பிரிபொருள் இருந்தால்தான் அது குழாயின் மேல் படிந்து மறுபடி ஒட்டாமல் காக்கும். பிந்திப் போட்டால் உடைந்த கட்டுகள் அதற்குள் திரும்பக் கூடிவிடும்.

13 மில்லிமீற்றர் புரோப், 5 செக்கன் ஓட்டம், 5 செக்கன் ஓய்வு, ஓட்ட நேரம் மட்டும் 20 முதல் 30 நிமிடம். கலவை 40 பாகையைத் தாண்டக் கூடாது. பனிக்கட்டித் தொட்டி வைத்தால் முகவையின் கழுத்தில் நீர் வியர்த்து உள்ளே வடியும். அதைவிட, 15 பாகை நீர் சுற்றும் இரட்டைச்சுவர் முகவை நல்லது. 25 பாகையும் 45% ஈரமும் உள்ள அறையில் பனிபடுநிலை 12 பாகை என்பதால் முகவையில் நீர் படியாது.

எப்போது நிறுத்துவது? மணிக்கூட்டைப் பார்த்து அல்ல. 5 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் இழுத்து நுணுக்குக்காட்டியில் பாருங்கள். தொடக்கத்தில் வெளிறிய பின்னணியில் கறுத்த தீவுகள் தெரியும். பிரியப் பிரியத் தீவுகள் சிறுத்து, பின்னணி சாம்பலாகி, கடைசியில் முழுவதும் ஒரே கறுப்பாகும். கூடவே பாகுத்தன்மையும் ஏறும்: துளி சொட்டாமல் நூலாய் இழுபடும். தீவுகள் மறைந்து, ஏறிய பாகுத்தன்மை மறுபடி இறங்கத் தொடங்கினால் இனிக் குழாய்கள் அறுபடுகின்றன என்று அர்த்தம். நீளம் போனால் அதை வாங்கிய காரணமே போயிற்று.

புரோப் முனை தேய்ந்து குழி விழுந்திருந்தால் ரைற்றேனியத் துகள் கலவைக்குள் விழும். முனையை ஒவ்வொரு முறையும் பாருங்கள். கலவையை ஓர் இரவு வைத்து, மேலே தெளிந்த படை உண்டாகாவிட்டால் பயன்படுத்தலாம்.

5. பைண்டர் கரைசல்

பி.வி.டி.எஃப்.ஐ 60 பாகையில் வக்கியூமில் உலர்த்தி, என்.எம்.பி.யில் 8% கரைசலாக்குங்கள். 50 பாகையில் மெதுவாகக் கலக்கியபடி ஓர் இரவு. தூளை ஒரேயடியாகக் கொட்டினால் வெளியே கூழும் உள்ளே மாவுமாகக் கட்டி விழும். கரைசல் தெளிவாக இருக்க வேண்டும். மஞ்சளோ கபிலமோ ஆனால் சூடு கூடிவிட்டது, எறியுங்கள்.

6. ஸ்லறி: வரிசையை மாற்ற வேண்டாம்

எல்எஃப்பியை முந்திய இரவே 120 பாகையில் வக்கியூமில் உலர்த்தியிருக்க வேண்டும். நுண்ணிய துகளாக இருப்பதால் திறந்த போத்தலில் ஈரத்தை வேகமாகப் பிடிக்கும்.

முதலில் 1% குழாய்க் கலவை 5.0 கிராம், அதனோடு பைண்டர் கரைசல் 5.5 கிராம். மெதுவாக 20 நிமிடம். பிறகு கரிக்கறுப்பு 0.10 கிராம், 30 நிமிடம். கடைசியில் எல்எஃப்பி 9.40 கிராமை மூன்று பங்காகப் போட்டு, ஒவ்வொரு பங்கும் நனைந்த பிறகே அடுத்தது. இப்படிச் சேர்த்தால் திண்மம் சரியாக 50%.

எல்எஃப்பியைக் கடைசிக்கு விடுவதற்குக் காரணம் உண்டு. அது முந்திவிட்டால் பைண்டரும் கரைப்பானும் அதன் பெரிய மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும், கரிக்கறுப்பு நனையாமல் கட்டியாகவே நிற்கும்.

ஸ்லறி தடித்துப் போனால் என்.எம்.பி.யை 0.3 கிராம் அளவாக விட்டு 45% வரை இறக்கலாம். அதற்குக் கீழே போகாதீர்கள். நனோக்குழாய் சேர்த்த ஸ்லறி நிற்கும்போது கூழ், கலக்கினால் தண்ணீர். நின்ற நிலையைப் பார்த்துவிட்டுக் கரைப்பானைக் கொட்டுவதுதான் இந்தப் படியில் நாம் அதிகம் காணும் பிழை. முதலில் 2 நிமிடம் கலக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

துகள் அளவுமானியில் (ஸ்லறியை இழுத்துக் கட்டிகளின் பருமனைப் பார்க்கும் தகட்டில்) கோடுகள் 30 மைக்குரோனுக்கு மேல் விழுந்தால் இன்னும் கலக்க வேண்டும். பூசுவதற்கு முன் குறைந்த வெற்றிடத்தில் 10 நிமிடம் வைத்துக் குமிழ்களைப் போக்குங்கள்.

7. பூசுதல், உலர்த்தல்

15 மைக்குரோன் அலுமினியத் தாளை எதனோல் தொட்ட துணியால் துடைத்து, கண்ணாடியில் சுருக்கமில்லாமல் விரியுங்கள். தாளுக்கடியில் ஒரு மணல் இருந்தாலும் அந்த இடத்தில் பூச்சு மெலியும். டொக்டர் பிளேட்டின் (ஸ்லறியைச் சமமாக இழுத்துப் பூசும் அலகின்) இடைவெளியை 200 மைக்குரோனில் தொடங்கி, உலர்ந்த பூச்சு சதுர சென்ரிமீற்றருக்கு 10 மில்லிகிராம் வரும்வரை மாற்றிப் பாருங்கள். மூன்று கலவைகளுக்கும் இதே பாரம் வர வேண்டும்.

இந்தப் பாரத்தில் விடாப்பிடியாக இருக்கக் காரணம், 3 மில்லிகிராம் பாரமுள்ள மெல்லிய பூச்சில் நனோக்குழாயின் பயன் தெரியாது. மின் போக வேண்டிய தூரம் குறைவு, எல்எஃப்பியின் மேலேயே காபன் பூச்சும் இருக்கும். வித்தியாசம் தடித்த பூச்சில்தான் வெளிவரும்.

முதலில் 60 பாகை ஒவனில் 2 மணி நேரம், பிறகு 110 பாகை வக்கியூமில் 12 மணி நேரம். எடுத்த எடுப்பில் 120 பாகைக்கு ஏற்றினால் மேற்பரப்பிலிருந்து கரைப்பான் ஓடும்போது பைண்டரையும் மேலே இழுத்துச் செல்லும். அடியில் பிடிப்பில்லாமல் பூச்சு தாளைவிட்டுக் கழரும். வறண்ட குளத்துச் சேறுபோல வெடிப்பதும் இதே அவசரத்தால்தான்.

8. செல் கட்டுமுன் மூன்று சோதனைகள்

ஒட்டுநாடாவை ஒட்டி இழுங்கள். தாள் பளிச்சென்று தெரிந்தால் பைண்டர் போதாது அல்லது உலர்த்தல் பிழை. அடுத்து, 6 மில்லிமீற்றர் கம்பியில் சுற்றிப் பாருங்கள். வெடிக்கக் கூடாது.

மூன்றாவது மின்தடை. நான்முனை அளவியை அலுமினியத்தில் பூசிய மின்வாயின் மேல் வைத்து அளந்தால் வருவது அலுமினியத்தின் தடை. மின்னோட்டம் சுலபமான வழியால் போய்விடும். அதே ஸ்லறியை அதே நேரத்தில் பொலியெஸ்ரர் தாள் ஒன்றிலும் பூசி, அதில் அளவிடுங்கள். நனோக்குழாய்க் கலவைக்கும் கரிக்கறுப்பு மட்டும் கூட்டிய ஒப்பீட்டுக் கலவைக்கும் இடையே இங்கே வித்தியாசம் இல்லையென்றால் குழாய் பிரியவில்லை. செல் கட்டி நேரத்தை வீணாக்காமல் நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

9. அழுத்தல், வெட்டல், நிறையெடுத்தல்

உருளையில் அழுத்தி அடர்த்தியைக் கன சென்ரிமீற்றருக்கு 2.2 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். 10 மில்லிகிராம் பாரத்துக்கு அது ஏறக்குறைய 46 மைக்குரோன் பூச்சு. இந்தக் கலவையின் உண்மை அடர்த்தி 3.4 அளவில் இருப்பதால் வெற்றிடம் 35% மிஞ்சும், எலக்றோலைற் போவதற்கு அது வேண்டும். ஒரே அழுத்தில் இறக்காமல் மூன்று நான்கு தடவையாக.

12 மில்லிமீற்றர் வட்டம் வெட்டுங்கள், பரப்பு 1.131 சதுர சென்ரிமீற்றர். தாளின் நிறையை அறிய அதே சுருளில் பூசாத 10 வட்டங்கள் வெட்டிச் சராசரி எடுங்கள். கணக்குப்படி ஒன்று 4.58 மில்லிகிராம் வர வேண்டும்.

உதாரணம்: வட்டம் 16.00 மில்லிகிராம். பூச்சு 11.42. அதில் 94% எல்எஃப்பி, 10.73 மில்லிகிராம். கிராமுக்கு 155 மில்லி அம்பியர் மணி என்று கொண்டால் 1.66 மில்லி அம்பியர் மணி. ஆகவே பத்து மணி நேர ஓட்டத்துக்கு 0.166 மில்லி அம்பியர். 0.1 மில்லிகிராம் வரை மட்டுமே காட்டும் தராசில் இங்கேயே 1% பிழை வந்துவிடும். 0.01 மில்லிகிராம் தராசைத் தேடிப் பிடியுங்கள்.

10. செல் கட்டுதல்

வெட்டிய வட்டங்களைத் திரும்ப 110 பாகையில் வக்கியூமில் உலர்த்தி, சூட்டோடு கண்ணாடிக் குப்பியில் அடைத்து நேரே கிளவ் பொக்ஸுக்குக் கொண்டுபோங்கள். பொலித்தீன் பையில் போட்டு அடுத்த மாடிக்கு நடந்தால் உலர்த்திய வேலை வழியிலேயே வீண். எலக்றோலைற்றில் உள்ள இலிதியம் உப்பு நீரைக் கண்டால் ஐதரோபுளோரிக்கமிலம் ஆகும்.

பொக்ஸில் ஆகன் வாயு இருக்க வேண்டும். நைதரசன் மலிவுதான், ஆனால் இலிதியம் அதனோடும் தாக்கமுறும். நீரும் ஒட்சிசனும் 1 பி.பி.எம்.க்குக் கீழே.

வரிசை: பெரிய கிண்ணம், பூச்சு மேலே பார்க்கக் கதோட்டு, எலக்றோலைற் 40 மைக்குரோலீற்றர், 19 மில்லிமீற்றர் பிரிதாள் (இரு மின்வாய்களும் தொடாமல் காக்கும் தாள்), வளையம், மறுபடி 40 மைக்குரோலீற்றர், 15.6 மில்லிமீற்றர் இலிதிய வட்டம், இடைத்தகடு, சுருள்வில், மூடி. இலிதிய வட்டம் கதோட்டைவிடப் பெரிதாக இருப்பதால் மையம் கொஞ்சம் விலகினாலும் கதோட்டின் முழுப் பரப்பும் வேலை செய்யும். பிளாஸ்ரிக் இடுக்கியால் பிடியுங்கள், உலோக இடுக்கி கட்டும்போதே செல்லைக் குறுஞ்சுற்றாக்கும். ஒவ்வொரு கலவைக்கும் குறைந்தது 4 செல்கள். அளந்தால் 3 வோல்ற்றுக்குக் கிட்டக் காட்டும். சுழியத்துக்குக் கிட்டவென்றால் பிரிதாள் விலகிவிட்டது.

11. ஓட்டிப் பார்த்தல்

12 மணி நேரம் ஊறவிட்டு, 2.5 இலிருந்து 3.8 வோல்ற்று வரை, பத்து மணி நேர வேகத்தில் மூன்று சுற்று. பிறகு மின்னேற்றத்தை ஐந்து மணி நேர வேகத்தில் மாறாமல் வைத்து, மின்னிறக்கத்தை மட்டும் 5 மணி, 2 மணி, 1 மணி, அரை மணி என்று வேகப்படுத்தி, இறுதியில் 5 மணிக்குத் திரும்புங்கள். திரும்பி வரும்போது கொள்ளளவு பழைய இடத்துக்கு வராவிட்டால் செல் பழுதாகியிருக்கிறது, வேகத்தால் வந்த குறைவல்ல.

அரை மணியைவிட வேகமாக ஓட்டி முடிவு சொல்லாதீர்கள். இந்தப் பாரத்தில் அங்கே மட்டுப்படுத்துவது இலிதிய உலோகப் பக்கம், உங்கள் கதோட்டு அல்ல.

வெப்பநிலையைக் கவனியுங்கள். பகலில் ஏசியில் 24 பாகை, இரவு ஏசி நிற்க 30 பாகை என்றால் வளைகோடு நாளுக்கொருமுறை ஏறி இறங்கும், அதை நனோக்குழாயின் குணமென்று நினைக்கத் தோன்றும். சூடாக்க மட்டுமே தெரிந்த பெட்டியால் கொழும்பில் 25 பாகையைப் பிடிக்க முடியாது. குளிரூட்டும் பெட்டி இல்லையென்றால் 35 பாகையில் வைத்து, அதையே முடிவிலும் எழுதுங்கள்.

கொள்ளளவை எல்எஃப்பியின் நிறைக்கும், முழுப் பூச்சின் நிறைக்கும் என இரண்டு விதமாகவும் கணக்கிடுங்கள். 90இலிருந்து 94% ஆக்கியதாலேயே அதே பூச்சு நிறையில் 4.4% கூடுதல் எல்எஃப்பி இருக்கிறது. வேகச் சோதனையில் வழக்கமான கலவைக்குச் சமமாக நின்றாலே இது இலாபம்.

குழாயை 2%க்கு ஏற்றிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஸ்லறி இறுகும், கரைப்பான் கூட்ட வேண்டிவரும், பூச்சு வெடிக்கும். மின்பாதை போதுமான அளவுக்கு வந்த பிறகு தட்டுப்பாடு அயன் போகும் பாதைக்குத்தான், அதைக் குழாய் திறந்துவிடாது.

12. அனோட்டுக்கு மாற்றினால்

போகலைச் சுரங்கத்திலும் கஹட்டகஹச் சுரங்கத்திலும் எடுக்கப்படும் நாளக் காரீயத்தை (கிராபைற்றை) அனோட்டாக்க விரும்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காரீயம் தானே நன்றாக மின்கடத்தும், அங்கே நனோக்குழாய்க்கு வேலை குறைவு. அதோடு குழாயின் பெரிய மேற்பரப்பில், தாழ்ந்த வோல்ற்றளவில், எலக்றோலைற் சிதைந்து படலமாகப் படியும். முதற்சுற்றிலேயே இலிதியம் அதில் முடங்கும். 0.1%க்கு மேல் போகாமல், நீரில் பிரித்த பேஸ்டை எடுத்து, சி.எம்.சி. (காபொட்சிமெதயில் செலுலோசு), எஸ்.பி.ஆர். (ஸ்ரைரீன்-பியூற்றடையீன் இறப்பர்) பைண்டரோடு தொடங்குங்கள். முதற்சுற்றின் மின்னேற்ற, மின்னிறக்க விகிதத்தைக் குழாய் இல்லாத அனோட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டே அடுத்த தொகுதியைப் பூசுங்கள்.